எட்டு லிங்கம், பன்னிரண்டு ராசி, பதினாறு வகை

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர் நீளம். அதில் எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள். எந்த ராசிக்காரர் எந்த லிங்கத்தை வணங்குவது என்று ஒரு பங்கீடு வழக்கத்தில் இருக்கிறது. ரிஷபத்துக்கும் துலாமுக்கும் இந்திர லிங்கம், சிம்மத்துக்கு அக்னி லிங்கம், விருச்சிகத்துக்கு எம லிங்கம், மேஷத்துக்கு நிருதி லிங்கம், மகரத்துக்கும் கும்பத்துக்கும் வருண லிங்கம், கடகத்துக்கு வாயு லிங்கம், தனுசுக்கும் மீனத்துக்கும் குபேர லிங்கம், மிதுனத்துக்கும் கன்னிக்கும் ஈசான்ய லிங்கம். உற்றுப் பார்த்தால் இதன் கணக்கு புரியும். பன்னிரண்டு ராசியை எட்டு இடத்தில் அடக்க ராசி அதிபதிகளைத் துணைக்கு அழைத்திருக்கிறார்கள். சனியின் இரண்டு வீடுகளும் வருண லிங்கத்தில் சேர்ந்தன, குருவின் இரண்டும் குபேர லிங்கத்தில், புதனின் இரண்டும் ஈசான்யத்தில், சுக்கிரனின் இரண்டும் இந்திரனிடம். செவ்வாயின் வீடுகள் மட்டும் ஆளுக்கொரு லிங்கமாகப் பிரிந்துபோயின.

பௌர்ணமி இரவில் நடப்பவர்கள் எட்டு லிங்கத்தையும்தான் கும்பிடுகிறார்கள். ஆனால் தன் ராசிக்குரிய லிங்கம் வந்ததும் நடை மாறுகிறது. கூட்டத்தை விலக்கி உள்ளே போகிறார்கள், கூட வந்தவரிடம் "இதுதான் நம்ம லிங்கம்" என்கிறார்கள், இன்னும் கொஞ்ச நேரம் நிற்கிறார்கள். சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ பஸ் பிடித்து வந்த இருபத்தைந்து வயதுப் பெண்ணும் அப்படித்தான் நிற்கிறாள். அவள் கைபேசியில், இன்ஸ்டாகிராம் பக்கத்தில், பெயருக்குக் கீழே இன்னொரு அடையாளமும் இருக்கிறது: ஐ.என்.எஃப்.ஜே. மயர்ஸ்-பிரிக்ஸ் என்ற ஆளுமைச் சோதனை மனிதர்களைப் பிரிக்கும் பதினாறு வகைகளில் அது ஒன்று. கன்னி ராசியும் ஐ.என்.எஃப்.ஜே.யும் அவளுக்குள் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன. ஒன்று பிறந்த நேரத்தை வைத்துக் கணித்தது, மற்றொன்று அவளே பதில் சொன்ன கேள்விகளை வைத்துக் கணித்தது. இரண்டும் அவளுக்குச் செய்துகொடுக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றே. அந்த வேலை என்ன, அதை ஏன் மனிதர்கள் இவ்வளவு விரும்புகிறார்கள் என்பதுதான் இந்த அத்தியாயம்.

பதினாறு வகையின் வேர் ஸ்விட்சர்லாந்தில் இருக்கிறது. மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-இல் 'உளவியல் வகைகள்' என்ற பெரிய நூலை வெளியிட்டார். மனம் உலகை நோக்கிப் பாய்கிறவர், தன்னை நோக்கித் திரும்புகிறவர் என்ற பிரிவும், சிந்தனை, உணர்ச்சி, புலனறிவு, உள்ளுணர்வு என்ற நான்கு செயல்பாடுகளும் அதில் உள்ளவை. 1923-இல் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபோது அமெரிக்காவில் கேதரின் பிரிக்ஸ் என்ற பெண்மணி அதைப் படித்தார். மனிதர்களை வகைப்படுத்த அவர் ஏற்கெனவே சொந்தமாக ஒரு முறையை உருவாக்கிக்கொண்டிருந்தார். யுங்கின் முறை தன்னுடையதைவிட முழுமையானது என்று முடிவு செய்து அதையே எடுத்துக்கொண்டார். அவர் மகள் இஸபெல் மயர்ஸ் துப்பறியும் நாவல் எழுதியவர். இரண்டாம் உலகப் போரின்போது, யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்று தெரிந்தால் நல்லது என்ற எண்ணத்தில், இஸபெல் இதைக் கேள்வித்தாளாக மாற்றத் தொடங்கினார். தாயும் மகளும் உளவியலில் பட்டம் பெற்றவர்கள் அல்லர். 1962-இல் அமெரிக்காவின் பெரிய தேர்வு நிறுவனம் ஒன்று இதை ஆராய்ச்சிக்காக வெளியிட்டது. 1975-இல் வேறொரு பதிப்பகத்தின் கைக்கு மாறிய பிறகு அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் பரவி உலகமெங்கும் போனது.

இந்தச் சோதனையில் ஒரு பிழை ஆழமாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஊரில் எல்லோருடைய உயரத்தையும் அளந்து, 165 சென்டிமீட்டருக்கு மேல் உள்ளவரெல்லாம் 'நெட்டை', கீழே உள்ளவரெல்லாம் 'குட்டை' என்று பதிவேட்டில் எழுதி, அளவை அழித்துவிட்டால் என்ன ஆகும்? 164-ம் 166-ம் எதிரெதிர் வகை ஆகிவிடும், 166-ம் 190-ம் ஒரே வகை ஆகிவிடும். மனிதரின் பேச்சார்வமும் தனிமை விருப்பமும் உயரத்தைப் போலவே நடுவில் கூட்டமாகவும் ஓரங்களில் மெலிந்தும் பரவியிருக்கின்றன. இரண்டு திமில் உள்ள வளைகோடு எங்கும் கிடைக்கவில்லை. கூட்டம் மிகுந்த அந்த நடுவிடத்தில்தான் சோதனை கோடு கிழிக்கிறது. அதனால்தான் ஐந்து வாரம் கழித்து அதே சோதனையை மறுபடி எழுதினால் பாதிப் பேர் வரை நான்கெழுத்தில் ஓரெழுத்தாவது மாறி வேறு வகைக்குப் போய்விடுகிறார்கள் என்று ஆய்வு மதிப்புரைகள் சொல்கின்றன. குணம் மாறியிருக்காது, கோட்டுக்கு அந்தப்பக்கம் ஓரடி நகர்ந்திருப்பார்கள்.

யுங்கே இப்படிப் பெட்டி போடுவதை விரும்பவில்லை. 1934-இல் தன் நூலின் அர்ஜென்டினப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், மனிதர்களை வகை வகையாக அடுக்குவது சிறுபிள்ளை விளையாட்டு என்ற பொருளில் எழுதியிருக்கிறார். ஆனால் அடுக்குவதுதான் பரவியது, எச்சரிக்கை பரவவில்லை.

*

சரி, சோதனை கோளாறானது. ஆனால் முடிவைப் படிக்கும்போது "அப்படியே என்னைப் பற்றியே எழுதியிருக்கிறது" என்று தோன்றுகிறதே? இந்த உணர்வை அளந்து பார்த்தவர் பெர்ட்ராம் ஃபோரர். 1948-இல் அமெரிக்காவில் உளவியல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த அவர் தன் மாணவர்கள் 39 பேரிடம் ஒரு ஆளுமைக் கேள்வித்தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயர் போட்ட தாளில் தனித்தனிக் கணிப்பைத் தந்தார். எவ்வளவு சரியாக இருக்கிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. பிறகு அவர் முதல் வரியை வாய்விட்டுப் படித்து, இதுபோன்ற வரி உள்ளவர்களைக் கை உயர்த்தச் சொன்னபோதுதான் வகுப்புக்கு விஷயம் புரிந்தது: எல்லோர் கையிலும் இருந்தது ஒரே வாசகம். அதன் பெரும்பகுதியைப் பத்திரிகைக் கடையில் விற்ற ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார்.

அந்த வாசகத்தின் கட்டமைப்பைக் கவனிக்க வேண்டும். பிறர் தன்னை விரும்ப வேண்டும் என்ற ஏக்கம் உண்டு, ஆனாலும் தன்னையே குறைகூறும் பழக்கமும் உண்டு. வெளியே கட்டுப்பாடு, உள்ளே தவிப்பு. சில நேரம் கலகலப்பு, சில நேரம் ஒதுங்கல். இன்னும் பயன்படுத்தாத திறமை உள்ளே இருக்கிறது. ஒவ்வொன்றும் உண்மை, எல்லோருக்கும் உண்மை. படிக்கிறவரின் நினைவு உடனே ஓடிப்போய் அதற்குப் பொருத்தமான தன் வாழ்க்கைச் சம்பவம் ஒன்றை எடுத்து வந்து அந்த வரிக்குள் வைத்துவிடுகிறது. கணிப்பு பொதுவானது, அதை நிரப்பும் சம்பவம் மட்டும் அவருக்கே சொந்தமானது. அந்தச் சம்பவத்தின் துல்லியத்தைக் கணிப்பின் துல்லியமாக எடுத்துக்கொள்கிறார். கிரிவலப் பாதை ஓரத்தில் கிளி எடுத்துத் தரும் சீட்டைக் கேட்பவரின் முகத்தில் பரவும் வியப்பையும் ஃபோரரின் வகுப்பில் பரவிய வியப்பையும் நான் ஒன்றாகவே கருதுகிறேன். இரண்டிலும் உழைப்பது கேட்பவரின் நினைவுதான்.

ஜாதகத்தையும் இப்படியே சோதித்திருக்கிறார்கள், நம் நாட்டிலேயே. வானியலாளர் ஜயந்த் நார்லிகர் 2008-இல் புனேயில், நரேந்திர தபோல்கர், புள்ளியியலாளர் சுதாகர் குண்டே ஆகியோருடன் சேர்ந்து 200 குழந்தைகளின் பிறப்பு விவரங்களைத் திரட்டினார். பாதிப் பேர் படிப்பில் சிறந்தவர்கள், பாதிப் பேர் மனவளர்ச்சி குன்றியவர்கள். கலந்து வைத்த ஜாதகங்களில் ஆளுக்கு நாற்பதைக் கொடுத்து, எது எந்த வகைக் குழந்தையுடையது என்று ஜோதிடர்களைச் சொல்லச் சொன்னார். முடிவு அனுப்பிய 27 ஜோதிடர்களின் சராசரி 46 விழுக்காடு. முழு 200 ஜாதகங்களையும் வாங்கிப் பார்த்த ஒரு ஜோதிட நிறுவனம் 102-ஐச் சரியாகச் சொன்னது. காசு சுண்டிப் போட்டாலும் இதே அளவுதான் வரும்.

இத்தோடு நிறுத்தினால் பகுத்தறிவுக் கட்டுரை முடிந்துவிடும். எனக்கு இங்கிருந்துதான் விஷயம் தொடங்குகிறது. சோதனை தவறு, கணிப்பு பொது. அப்படியும் அதைப் படித்தவருக்குக் கிடைக்கும் ஆறுதல் மெய்யாகவே இருக்கிறது. அந்த ஆறுதல் எதற்கு?

*

நம் வீடுகளில் அதிகம் பேசாத பெண் குழந்தைக்கு என்னென்ன பெயர் வைக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஊமைக்கோட்டான். திமிர் பிடித்தவள். யாரோடும் ஒட்டமாட்டாள். மாப்பிள்ளை வீட்டில் போய் இவள் எப்படிக் குடும்பம் நடத்துவாள். கல்யாண வீட்டில் நாலு பேரோடு சிரித்துப் பேசாமல் மாடி அறையில் போய் உட்கார்ந்தால் அம்மாவுக்கு அவமானம். இருபது வருஷம் இதைக் கேட்டு வளர்ந்தவள் ஒரு நாள் விடுதி அறையில் உட்கார்ந்து ஒரு சோதனையை நிரப்புகிறாள். 'நீங்கள் ஒரு இன்ட்ரோவர்ட்' என்று வருகிறது. கூடவே, உலகில் எத்தனையோ பேர் இப்படி இருக்கிறார்கள், கூட்டம் இவர்களைக் களைப்படையச் செய்யும், தனிமை இவர்களுக்கு ஓய்வு, இதில் குறை ஒன்றும் இல்லை என்று ஒரு பத்தி. அவள் அழுதால் அதில் வியப்பில்லை. அவளைப் பற்றிய விவரம் புதிதல்ல, அது அவளுக்கு முன்பே தெரியும். அதிலிருந்த பழி நீங்கியதுதான் புதிது. திமிர் என்பது அவள் செய்யும் குற்றம், இன்ட்ரோவர்ட் என்பது அவள் இருக்கும் விதம். அடுத்த முறை அத்தை கேட்கும்போது சொல்ல அவளிடம் ஒரு பதில் இருக்கிறது.

இஸபெல் மயர்ஸ் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். அவருடைய பதினாறு வகைகளில் கெட்ட வகை ஒன்றுகூடக் கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒரு வரம் உண்டு. உளவியலாளர்கள் இதையே குறையாகச் சொல்கிறார்கள். மனக்கலக்கம் மிகுந்திருத்தல் போன்ற, வாழ்க்கையை உண்மையிலேயே பாதிக்கும் குணங்களை இந்தச் சோதனை அளப்பதே இல்லை. குறை சரிதான். ஆனால் பரவியதற்குக் காரணமும் அதுவே. ஏணிப்படியாக அடுக்கிய பிறப்பு அடையாளங்களுக்குள் வளர்ந்த ஒரு சமூகத்தில், மேல் கீழ் இல்லாத ஒரு வகைப்பாடு கைக்குக் கிடைத்தால் இளைஞர்கள் அதை இறுகப் பிடித்துக்கொள்வதை நான் குறைத்துப் பேசமாட்டேன். "நீ என்ன ஆளுங்க?" என்ற கேள்விக்குத் தலை குனிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் "நீ என்ன டைப்?" என்று கேட்டுக்கொள்கிறார்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வதில் யாருக்கும் கூச்சம் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பார்க்க இரண்டு 'நான் யார்?'களைப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

1954-இல் மன்ஃபோர்ட் குன், தாமஸ் மக்பார்ட்லண்ட் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் ஐயோவா பல்கலைக்கழக மாணவர்கள் 288 பேரிடம் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதில் இருபது கோடுகள். 'நான் யார்?' என்ற ஒரே கேள்விக்கு இருபது பதில்கள் எழுத வேண்டும், அவ்வளவுதான் சோதனை. மாணவர்கள் முதலில் எழுதியவை பெரும்பாலும் மற்றவர்களும் ஒப்புக்கொள்ளும் விவரங்கள்: மாணவன், மகள், இன்ன மதத்தைச் சேர்ந்தவன். அவை தீர்ந்த பிறகே 'நான் மகிழ்ச்சியானவன்', 'நான் சோம்பேறி' போன்றவை வந்தன. முதலில் உறவும் இடமும், பிறகு குணம்.

இந்த வரிசையில் குணத்துக்கு எவ்வளவு இடம் என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. ரிச்சர்ட் ஷ்வேடர், எட்மண்ட் போர்ன் இருவரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்த ஒருவரை விவரிக்கச் சொன்னபோது சிகாகோக்காரர்கள் 'நட்பானவர்' 'பிடிவாதக்காரர்' என்று குணச்சொல்லால் விவரித்தார்கள். ஒடிசாவின் புவனேஸ்வரத்துக்காரர்கள் அவர் யாருக்கு, எப்போது, என்ன செய்கிறார் என்று சொன்னார்கள். அதே ஆண்டில் ஜோன் மில்லர் மைசூரில் செய்த ஆய்வும் இதையொட்டியது. ஒருவர் செய்த தவறுக்குக் காரணம் கேட்டால் அமெரிக்கப் பெரியவர்கள் அவர் சுபாவத்தைக் காட்டினார்கள், மைசூர்ப் பெரியவர்கள் அவர் இருந்த நிலைமையைக் காட்டினார்கள். எட்டு வயதுக் குழந்தைகளிடம் இந்த வேறுபாடு ஏறக்குறைய இல்லை, வயது ஏற ஏற விரிந்தது. எந்தச் சொற்களால் மனிதரை விளக்குவது என்பதை ஊர்தான் கற்றுக்கொடுக்கிறது.

நம் ஊர்களில் அந்தச் சொற்கள் உறவுச் சொற்களாக இருந்தன. செங்கத்திலோ போளூரிலோ ஒரு தெருவில் புதிதாக ஒரு பையன் நுழைந்தால் "யாரு வீட்டுப் புள்ள?" என்பார்கள். இன்னார் பேரன், இன்னார் மருமகன் என்ற ஒற்றைப் பதிலில் அவன் முழுவதும் விளங்கிவிடுவான். அதே பையன் பெங்களூரில் எட்டுப் பேர் தங்கும் பி.ஜி. அறையில் போய்ச் சேர்ந்தால் தாத்தா பெயர் அங்கே செல்லாது. அறையில் யாருக்கும் அவன் ஊர் தெரியாது. ஜாதியைச் சொல்ல அவனுக்கே விருப்பமில்லாமல் இருக்கலாம், சொன்னால் ஆபத்தாகவும் இருக்கலாம். இரண்டு நிமிடத்தில் தன்னைச் சொல்லிவிட ஒரு பதில் வேண்டும், எங்கு போனாலும் கூடவே எடுத்துச் செல்லக்கூடியதாக. நான்கெழுத்து அங்கே பயன்படுகிறது. உறவுப் பெயர் காலி செய்துவிட்டுப் போன இடத்தில்தான் ஆளுமை வகை வந்து குடியேறியிருக்கிறது என்பது என் கருத்து. தமிழ்நாட்டில் அது எங்கே அதிகம் புழங்குகிறது என்று பாருங்கள்: விடுதிகள், தகவல் தொழில்நுட்ப அலுவலகங்கள், மேலாண்மைக் கல்லூரிகள், மணமகன் மணமகள் தாங்களே தேடும் செயலிகள். சொந்தக்காரர் கூட இல்லாத இடங்கள் எல்லாம்.

இனி இரண்டாவது 'நான் யார்?'. 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்த வேங்கடராமன் என்ற, பின்னாளில் ரமணர் ஆன பதினாறு வயதுப் பையன், மதுரை வீட்டில் விட்டு வந்த கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. அந்த இடத்தில் கோடுகள் மட்டுமே இருந்தன. 1901-02 வாக்கில் அவர் மலைமேல் விரூபாட்ச குகையில் இருந்தார். தென்னாற்காடு மாவட்ட வருவாய்த் துறையில் வேலை பார்த்த, தத்துவம் படித்த சிவப்பிரகாசம் பிள்ளை அவரைத் தேடிப் போய் 'நான் யார்?' என்று தொடங்கும் கேள்விகளைக் கேட்டார். ரமணர் அப்போது பேசுவதில்லை. மணலிலும் சிலேட்டிலும் தாளிலும் எழுதிக்காட்டினார். அவை 1923-இல் நூலாக வந்தன. உடல் நான் அல்லேன், புலன்கள் நான் அல்லேன், மனம் நான் அல்லேன் என்று ஒவ்வொன்றாக விலக்கும் நீண்ட பட்டியல் அந்த நூலின் முதல் பதிலில் இருக்கிறது. ரமணர் நூல்களை ஆராய்ந்தவர்கள் இதைப் பற்றி ஒரு விவரம் சொல்கிறார்கள்: ரமணர் முதலில் எழுதிக்காட்டிய பதில் சுருக்கமானது, பட்டியலை விரித்துச் சேர்த்தவர் பிள்ளைதான். எனக்கு இது மிகவும் முக்கியமாகப் படுகிறது. எல்லா அடையாளத்தையும் விட வேண்டும் என்று சொன்னவரிடம் கேட்டுக்கொண்டு வந்த நல்ல மனிதருக்கும், விட வேண்டியவை எவை என்று ஒரு பட்டியல் கையில் தேவைப்பட்டிருக்கிறது. மனம் வெறுமையில் நின்று தன்னைப் பார்க்காது. பிடித்துக்கொள்ளவோ தள்ளிவிடவோ அதற்கு ஒரு சொல் வேண்டும்.

சொல் ஏன் இப்படி ஒட்டுகிறது என்பதற்கு ஆய்வுக்கூடத்திலும் விடை தேடியிருக்கிறார்கள். 1977-இல் ரோஜர்ஸ், கைப்பர், கிர்க்கர் மூவரும் சில குணச்சொற்களைக் காட்டி வெவ்வேறு கேள்விகள் கேட்டார்கள். எழுத்து பெரிதா சிறிதா, இதன் பொருள் என்ன, இந்தச் சொல் உங்களுக்குப் பொருந்துமா. பிறகு நினைவைச் சோதித்தபோது, தனக்குப் பொருந்துமா என்று யோசித்துப் பார்த்த சொற்களே அதிகம் நினைவில் நின்றன. 2002-இல் கெல்லியும் உடன் பணியாற்றியவர்களும் இதை மூளை ஸ்கேனரில் பார்த்தார்கள். ஒரு குணச்சொல் தனக்குப் பொருந்துமா என்று யோசிக்கும்போதும், ஒரு சொல் அன்றைய அமெரிக்க அதிபர் புஷ்ஷுக்குப் பொருந்துமா என்று யோசிக்கும்போதும் நெற்றிக்குப் பின்னால் உள்ள நடுப்பகுதி வேறுவேறு விதமாக இயங்கியது. ஆளுமைச் சோதனை என்பது இந்த ஒரே வேலையை அறுபது எழுபது தடவை செய்ய வைக்கிறது. 'இது எனக்குப் பொருந்துமா?' என்று அத்தனை தடவை தன்னைத் திரும்பிப் பார்த்தவருக்குக் கடைசியில் வரும் பெயர் ஆழப் பதியாமல் எப்படி இருக்கும்?

பதிந்த பெயர் பிறகு ஆளையே திருத்தத் தொடங்குகிறது. 1978-இல் ஹான்ஸ் ஐசென்க் கூட்டாக வெளியிட்ட ஆய்வு ஒன்று ஜோதிடர்களை மகிழ வைத்தது. 2,324 பேரின் ஆளுமை மதிப்பெண்கள், மேலைநாட்டு ஜோதிடம் அவரவர் ராசிக்குச் சொன்னபடியே அமைந்திருந்தன. ஐசென்க் அதோடு விடவில்லை. ஜோதிடம் தெரியாதவர்களையும் குழந்தைகளையும் வைத்துத் தொடர்ந்து பார்த்தபோது அந்தப் பொருத்தம் காணாமல் போனது. தன் ராசிக்கு என்ன குணம் என்று தெரிந்தவர்கள் தன்னைப் பற்றிய கேள்விக்கு அந்த வழியிலேயே பதில் சொல்லியிருக்கிறார்கள். கிரகம் செய்யாததைப் பெயர் செய்திருக்கிறது. தத்துவவாதி இயன் ஹேக்கிங், மனிதரை வகைப்படுத்தினால் மனிதர் அந்த வகைக்கேற்ப நகர்கிறார், அதனால் வகையும் மாறுகிறது என்று இந்தச் சுழற்சியை விளக்கினார். பாறைக்கும் பறவைக்கும் பெயர் வைப்பதில் இந்தச் சிக்கல் இல்லை, தன் பெயரைத் தானே படிப்பவருக்குத்தான் இருக்கிறது.

*

பெயர் நம் கையில் இருக்கும் வரை அதைப் போடவும் கழற்றவும் முடியும். இன்னொருவர் கைக்குப் போனால்?

ஜாதகப் பொருத்தத்தில் கணப் பொருத்தம் என்று ஒன்று பார்க்கிறார்கள். 27 நட்சத்திரங்களை ஒன்பது ஒன்பதாகத் தேவ கணம், மனுஷ கணம், ராட்சச கணம் என்று மூன்றாகப் பிரித்த பழைய ஆளுமை வகைப்பாடு அது. கார்த்திகை, ஆயில்யம், மகம், சித்திரை, விசாகம், கேட்டை, மூலம், அவிட்டம், சதயம் ஆகிய ஒன்பதில் பிறந்தவர்கள் ராட்சச கணம். நாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். தீபத்துக்கு உரிய கார்த்திகை நட்சத்திரமே அதில் இருக்கிறது. ஆண் ராட்சச கணமாக இருந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடுகிறார்கள். பெண் ராட்சச கணம், அதிலும் மூலம் அல்லது ஆயில்யம் என்றால், தரகர் ஜாதகத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். அந்தப் பெண் எப்படிப் பேசுவாள், எதற்குச் சிரிப்பாள் என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு சொல் வழியிலேயே நின்று திருப்பி அனுப்பிவிட்டது. இது எனக்குக் கோபம் வரும் இடம். இதே காரியத்தை ஒரு நிறுவனம் நான்கெழுத்தைப் பார்த்து வேலை விண்ணப்பத்தை ஒதுக்குவதன் மூலம் செய்தால் அதுவும் கணப் பொருத்தம்தான். மயர்ஸ்-பிரிக்ஸ் சோதனையை வெளியிடுபவர்களே அதை ஆள் தேர்வுக்குப் பயன்படுத்தக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

ராணுவ அதிகாரித் தேர்வுக்குப் போகும் இளைஞர்களும் உளவியல் சோதனை எழுதுகிறார்கள். 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி, மனத்தில் தோன்றியதை எழுத வேண்டும். சொல் காட்டி மறுசொல் வாங்கும் இந்த முறையை நூறாண்டுக்கு முன் மருத்துவமனையில் வைத்து வளர்த்தவரும் யுங்தான். ஆனால் அங்கே ஒரு தாளோடு யாரையும் முடிவு செய்வதில்லை. ஐந்து நாள் கூடவே வைத்து, உளவியலாளர் ஒருவர், நேர்காணல் செய்பவர் ஒருவர், மைதானத்தில் குழுப்பணியைக் கவனிப்பவர் ஒருவர் என்று மூன்று பேர் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். உங்கள் பெற்றோர் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், ஆசிரியர்கள் என்ன நினைக்கிறார்கள், நண்பர்கள் என்ன நினைக்கிறார்கள் என்றும் எழுதச் சொல்கிறார்கள்.

வகை எதை மிச்சப்படுத்துகிறது என்பதற்கு யுங்கின் வாழ்க்கையிலேயே ஒரு சான்று இருக்கிறது, அதுவும் திருவண்ணாமலையோடு தொடர்புடையது. இந்திய அறிவியல் காங்கிரஸின் வெள்ளி விழாவுக்கு அழைக்கப்பட்டு அவர் 1937 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தார். தெற்கே திருவனந்தபுரம் வரை போனார். ரமணரைப் பற்றி நன்கு அறிந்திருந்தும் திருவண்ணாமலைக்கு வரவில்லை. ரமணரைப் பற்றி நூல் எழுதிய நண்பர் ஹைன்ரிக் சிம்மர், யுங் ஊர் திரும்பியதும் முதலில் கேட்டது ரமணரைப் பற்றித்தான். சிம்மர் இறந்த பிறகு 1944-இல் வெளிவந்த அந்த நூலுக்கு யுங் எழுதிய முன்னுரையில் காரணம் இருக்கிறது. இப்படிப்பட்டவர் இந்தியாவில் எக்காலத்திலும் இருந்துவரும் ஒரு வகையினர், அவரை நாடெங்கும் பார்த்துவிட்டேன், தேடிப் போகத் தேவையில்லை என்ற பொருளில் எழுதுகிறார். தன் நூலில் வகுத்த உளவியல் வகைகளில் ஒன்றாக அவர் இதைச் சொல்லவில்லை, இந்திய ஞானி என்ற பொது வகையைத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் செய்த வேலை அதேதான்: ஒரு மனிதரைப் போய்ப் பார்க்காமல் இருக்கக் காரணம் தந்தது. அதே முன்னுரையில் அவர் அன்போடு வருணிப்பது, திருவனந்தபுரத்தில் தற்செயலாகச் சந்தித்த ரமணரின் சீடர் ஒருவரை. பள்ளி ஆசிரியரைப் போன்ற எளிய மனிதர், நிறையப் பிள்ளைகளைக் காப்பாற்ற உழைத்தவர். அவர் யுங்கை வியக்க வைத்தார். அவரை யுங் நேரில் பார்த்திருந்தார்.

*

அப்படியானால் தன்னை அறிய விரும்புகிறவர் எதை எடுத்துக்கொள்வது? ஆளுமையை அளக்கும் நல்ல கருவிகள் இல்லாமல் இல்லை. 1936-இல் கோர்டன் ஆல்போர்ட், ஹென்றி ஓட்பெர்ட் இருவரும் ஆங்கில அகராதியிலிருந்து மனிதரை விவரிக்கும் 17,953 சொற்களைப் பொறுக்கி எடுத்தார்கள். அந்தக் குவியலில் எவை சேர்ந்தே வருகின்றன என்று பின்வந்தவர்கள் கணக்கிட்டுச் சுருக்கியதில் ஐந்து அளவுகோல்கள் கிடைத்தன: புதியவற்றுக்கு மனம் திறந்திருத்தல், பொறுப்புணர்வு, புறநோக்கு, இணக்கம், மனக்கலக்கம். இங்கே வகை கிடையாது, ஒவ்வொன்றிலும் நீங்கள் எவ்வளவு என்ற அளவு மட்டும் உண்டு. வயதோடு அளவு மாறும் என்பதும் தெரிந்திருக்கிறது. பொதுவாக வயது ஏற ஏறப் பொறுப்புணர்வும் இணக்கமும் கூடுகின்றன, மனக்கலக்கம் குறைகிறது. இருபது வயதில் வந்த முடிவை நாற்பதிலும் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் எவ்வளவு நல்ல கேள்வித்தாளானாலும் பதில் எழுதுவது நாம்தானே, நம்மை நமக்கு எவ்வளவு தெரியும்? சிமின் வசீர் 2010-இல் இதை ஒவ்வொரு குணமாகப் பிரித்துச் சோதித்தார். ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்னது, நண்பர்கள் அவரைப் பற்றிச் சொன்னது, அவர் ஆய்வுக்கூடத்தில் உண்மையில் நடந்துகொண்டது, மூன்றையும் ஒப்பிட்டார். உள்ளுக்குள் இருக்கும் பதற்றத்தைத் தானே சரியாகச் சொன்னார்கள். புத்திசாலித்தனத்தை நண்பர்கள் சரியாகச் சொன்னார்கள், ஏனென்றால் அந்தக் கேள்வியில் எவருக்கும் தன்மீது பாசமோ பயமோ குறுக்கே வந்துவிடுகிறது. அதிகம் பேசுகிறவரா இல்லையா என்பது எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரிந்தது. ஆகவே விடுதி அறையில் இரவில் தனியாகச் சோதனை எழுதும் பெண், "எனக்கு எளிதில் பதற்றம் வரும்" என்ற வரிக்குத் தான் போட்ட மதிப்பெண்ணைத் தாராளமாக நம்பலாம். "நான் கூர்மையாகச் சிந்திப்பவள்" என்ற வரி வந்தால், பக்கத்துக் கட்டிலில் இருக்கும் தோழியை எழுப்பிக் கேட்டுவிட்டு எழுதுவது நல்லது.